செவலை திரும்பிப் பார்த்த பக்கம்

டெர்பி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மார்த்தாள் ஆராதனை முடிந்து வந்ததும் சேலைகூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சங்கரன்கோவில் தறிக்கூடத்தில் நூலைத் தார் சுற்றுகிறவளுக்குக் குதிரைப் பந்தயத்தில் என்ன வேலை என்று தெருவே கேட்டு ஓய்ந்துவிட்டது.

அவள் புருஷன் ஜெர்சோன் பெங்களூரில் ஒரு பந்தய லாயத்தில் குதிரையைக் கவனித்துக்கொள்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்து போனவன். குதிரையை விட்டுவிட்டு நினைத்தபோது வர முடியாது. முகம் காட்டும் போனும் அந்த லாயத்துக்குள் ஆகாது, குதிரையின் நிலவரம் வெளியே கசிந்துவிடுமாம். பட்டன் போனில் குரல் மட்டும் வரும். அந்தக் குரலுக்கு ஒரு முகம் கிடைக்க, அவளுக்கு வருஷத்தில் இந்த ஒரு நாள்தான்.

பக்கத்து வீட்டு ஆமினாளும் வந்துவிட்டாள். மார்த்தாள் டிவிக்காரர்களுக்கு மார்க் போடுவதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கும். பேசுகிறவன் மூச்சு விடுவதில்லை, பணக்காரப் பெண்களின் தொப்பிகளைக் காட்டிக் காட்டி மாளவில்லை என்று மார்த்தாள் குறை சொல்வாள். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்தி வருவார்கள். அப்போது குதிரையின் காது வரை காட்டுகிற கேமரா, கயிறு பிடித்து நடக்கும் ஜெர்சோனைத் தோளோடு வெட்டிவிடும். போன வருஷம் முட்டை மார்க்.

இந்த வருஷம் அவள் உபவாசம் இருந்தாள். ஜெர்சோன் பார்த்துக்கொள்ளும் செவலைக் குதிரை ஜெயிக்க வேண்டும். ஜெயித்த குதிரையை ஊரே பார்க்கக் கயிறு பிடித்து நடத்தி வருகிறவனை எந்தக் கேமராவும் வெட்ட முடியாது என்பது அவள் நம்பிக்கை. அவன் பார்த்துக்கொள்ளும் குதிரை தோற்றதும் டிவியை அணைத்துவிடுகிற பழக்கத்தால், ஜெயித்த குதிரைக்கு என்ன நடக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை. போனில் உபவாசத்தைச் சொன்னபோது ஜெர்சோன் சிரித்தான். பேச்சை வேறு பக்கம் திருப்பினான்.

குதிரைகள் வட்டமாக நடந்த நேரத்தில் சோப்பு விளம்பரம் போட்டார்கள். ஆமினாள் டிவிக்காரனின் பரம்பரையையே ஏசினாள்.

ஓட்டம் தொடங்கியது. பின்னால் கிடந்த செவலை, கடைசித் திருப்பத்தில் எல்லாக் குதிரைகளையும் தாண்டிக்கொண்டு வந்தது. ஜெயித்தேவிட்டது. மார்த்தாள் முழங்காலில் விழுந்தாள். கண்ணீரைத் துடைத்தாள். அவன் தன்னைப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இப்ப வருவாவ, பாருங்க."

செவலை வந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர் வெள்ளைக் கோட்டு போட்ட முதலாளி. அவரைச் சுற்றி மனைவி, மக்கள், மருமக்கள். குதிரை நடக்க மறுத்து, தலையைத் திருப்பித் திருப்பித் திரைக்கு வெளியே எதையோ பார்த்தது. கூட்டத்தைக் கண்டு மிரளுகிறது என்றான் பேசுகிறவன். கோப்பை கொடுத்து முடிகிறவரை ஜெர்சோன் வரவேயில்லை. அன்றைக்கு ஆமினாள் மார்க் கேட்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் போன் அடித்தது.

"பாத்தியாட்டி?"

"செவலையப் பாத்தேன். நீங்க எங்கன நின்னிய?"



"ஜெயிச்சா மொதலாளிதான் கயித்தப் பிடிப்பாரு, அதான் இங்கன வழக்கம். தோத்தாத்தான் எங் கைக்கு. வயித்தக் காயப்போட்டு ஜெபம் பண்ணுதவகிட்ட இத எப்படிச் சொல்ல?"

 அடுத்த வருஷம் அவன் குதிரை தோற்க வேண்டும் என்று ஜெபிக்கவும் வழியில்லை. தோற்ற குதிரையின் பின்னால் எந்தக் கேமரா போகிறது?

"செவலை லேசுல போவலட்டி," என்றான் அவன். "அவரு இழுக்க இழுக்க, திரும்பித் திரும்பி என்னையவே பாத்துச்சு."

மார்த்தாள் போனை வைத்ததும் ஆமினாளைக் கூப்பிட்டாள். டிவியில் அதே ஓட்டத்தை மறுபடியும் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு வந்தது. செவலை தலையைத் திருப்பியது. இந்த முறை மார்த்தாள் செவலையைப் பார்க்கவில்லை. அதன் கண் போன திசையில், டிவி முடிந்து சுண்ணாம்புச் சுவர் தொடங்கும் இடத்தைப் பார்த்தாள்.

"அங்கன நிக்காவ," என்றாள்.

ஆமினாளும் அந்தச் சுவரைப் பார்த்தாள்.