யாக்கோப்புவின் பாட்னர்

லண்டன் சட்டனில் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள சின்ன மண்டபத்தில் வியாழக்கிழமை பின்னேரங்களில் நாலு ஆண்கள் காட்ஸ் விளையாடுவார்கள். அது மனநலத்துக்கான கூட்டம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மனநல நேர்ஸ் லோஜினி முதலில் அந்தப் பெயரைப் போட்டுத்தான் தமிழ்க் கடைகளில் நோட்டீஸ் ஒட்டினாள். ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் ஆம்பிளைகளுக்கு நெஞ்சு வலிக்கலாம், சீனி வருத்தம் வரலாம், மனம் மட்டும் நோகவே கூடாது. லோஜினியும் லேசில் விடுகிறவள் இல்லை. அடுத்த நோட்டீஸில் '304 காட்ஸ் விளையாட்டு, தேத்தண்ணி உண்டு' என்று மட்டும் எழுதினாள். ஆட்கள் வந்தார்கள்.

முதலில் வந்தவர் யாக்கோப்பு. சுவிஸில் உணவகச் சமையலறைகளில் வெந்து, பிறகு லண்டனுக்கு வந்து, தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி ஏற்றும் வான் ஓட்டுகிறவர். சில வருடங்களுக்கு முன் மனம் உடைந்து ஆஸ்பத்திரி வார்டில் கிடந்து எழும்பியவர். ஒருநாள் காட்ஸ் பிரித்துக்கொண்டே, "நானும் உள்ளுக்குக் கிடந்தனான்" என்று சாதாரணமாகச் சொன்னார். காட்ஸ் மேசையில் ஒரு வசதி உண்டு. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு மற்றவர்களின் வாயும் மெல்லத் திறந்தது.

304இல் எதிரே இருப்பவர்தான் கூட்டாளி, பக்கத்தில் இருப்பவர்கள் எதிராளிகள். கையில் வந்த சீட்டுகளைப் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கூடக் கேட்கிறவர்தான் துரும்பைத் தீர்மானிப்பார். யாக்கோப்புவுக்கு எதிரே பஸ்தியாம்பிள்ளை. பாரிஸில் பேக்கரி வேலை செய்து, குடும்பம் பிரிந்து, இங்கே ஒரு கடைக்கு மேலே தனி அறையில் இருப்பவர். விளையாட்டில் சண்டைக்காரன். யாக்கோப்பு ஒரு துரும்புச் சீட்டைத் தவறாகப் போட்டால் அடுத்த வியாழன்வரை அதைச் சொல்லிச் சொல்லியே ஆளைக் கொல்லுவார். பக்கங்களில், எதற்கும் செபம் சொல்லுகிற ஜீவரத்தினமும், சென்னையில் இருந்து வந்து வங்கி வேலையில் ஓய்வு பெற்ற சேஷாத்ரியும். லோஜினி நாலு பேரிடமும் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். ஒருத்தர் வராவிட்டால் மற்ற மூவரும் தேட வேண்டும், அவளுக்கும் அறிவிக்க வேண்டும்.

இந்த வியாழன் பஸ்தியாம்பிள்ளை வரவில்லை.

"நித்திரை கொண்டிருப்பான்" என்றார் ஜீவரத்தினம்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன். மெசேஜும் போட்டேன், பாக்கவே இல்ல" என்றார் சேஷாத்ரி.

யாக்கோப்பு காட்ஸைக் கலைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று நெஞ்சுக்குள் கல்லாய்க் கிடந்தது. போன வியாழன் பஸ் தரிப்பிடத்தில் வைத்து பஸ்தியாம்பிள்ளை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "டொக்டர் தந்த குளிசையை விட்டிட்டன். லோஜினிக்குச் சொல்லக் கூடாது. உன்ர மகளாணைச் சத்தியம் பண்ணு." யாக்கோப்பு இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சிரிக்கிற ஆள். ஆனாலும் லீட்ஸில் படிக்கிற மகள் ஹம்சினியின் பெயர் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. வேறு வழி தெரியாமல், "மகளாணைச் சொல்லமாட்டன்" என்றார். அப்போது பஸ்தியாம்பிள்ளை தன் பையில் இருந்து காட்ஸ் கட்டை எடுத்து நீட்டினார். பாரிஸில் இருந்தே அவர் கூடக் கொண்டு திரிந்த கட்டு, மற்றவர்களைத் தொடவும் விடமாட்டார். "இது உன்னட்டை இருக்கட்டும்."

அந்தக் கட்டைத்தான் யாக்கோப்பு இப்போது கலைத்துக்கொண்டிருந்தார். கலைத்த கை பாதியில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் கிழமை, தானும் கைமணிக்கூட்டைக் கழற்றி மச்சானிடம் கொடுத்தது நினைவுக்கு வந்தது. இனித் தனக்கு நேரம் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துத்தான் கொடுத்தார். அதைத் தெரிந்தவர், தன் பாட்னர் கட்டை நீட்டியபோது ஏன் தெரியாதவர் போல வாங்கினார்? தெரிந்துகொள்ள அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

"அவன் குளிசை விட்டிட்டான். எனக்குத் தெரியும்" என்றார்.

இருவரும் அவரையே பார்த்தார்கள். அவர் அதற்குள் லோஜினிக்கு அழைத்துவிட்டார். கட்டைத் தன்னிடம் கொடுத்ததைச் சொன்னதும் அவளுடைய குரல் மாறியது. "அண்ணை, உடனே போங்கோ. ஆம்புலன்ஸுக்கு நான் அடிக்கிறன், நானும் வாறன். அவர் திறக்காட்டியும் விடாதேங்கோ, கதைச்சுக்கொண்டே நில்லுங்கோ."

சேஷாத்ரியின் காரில் போகும்போது யாக்கோப்பு மகளை அழைத்தார். "பிள்ளை, சுகமா இருக்கிறியோ?"

"அப்பா, லெக்சர்ல இருக்கிறன். பிறகு எடுக்கிறன்."

சத்தியத்தை உடைத்தவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

படிகளில் ஏறி மூவரும் மாறி மாறித் தட்டினார்கள். உள்ளே அசுமாத்தம் இல்லை. யாக்கோப்பு முழங்காலில் நின்று கதவின் கடிதத் துவாரத்தைத் திறந்தார். உள்ளே இருட்டு. என்ன பேசுவது? ஆறுதல் சொல்ல அவருக்கு ஒருநாளும் வராது.

"போன கிழமை அந்தக் கையை நீ கேட்டிருக்க வேணும்" என்றார் உரத்து. "அவ்வளவு நல்ல கையை வைச்சுக்கொண்டு சும்மா விட்டிட்டாய். அதாலதான் தோத்தம்."

ஜீவரத்தினம் வாய்க்குள் செபம் சொல்லத் தொடங்கினார். யாக்கோப்பு நிறுத்தவில்லை. அந்த ஆட்டம், அதற்கு முந்திய ஆட்டம், எந்தப் பிடியை யார் கெடுத்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். எல்லாப் பழியையும் பஸ்தியாம்பிள்ளையின் தலையில் போட்டார்.

"அது உன்ர பிழை" என்றது உள்ளே இருந்து ஒரு குரல்.

யாக்கோப்பு கதவின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"லோஜினிக்குச் சொல்லிப்போட்டியோ?"

கீழே வாகனம் ஒன்று வந்து நின்றது. படிகளில் காலடிகள் கேட்டன. இல்லை என்று சொன்னால் கதவு திறக்கலாம். ஓம் என்றால் ஒருவேளை திறக்கவே திறக்காது. ஆனால் திறந்ததும் லோஜினியைக் கண்டால், அந்த மனிதன் இந்த உலகத்தில் பிறகு யாரை நம்புவான்?

"ஓம். சொல்லிப்போட்டன்."

"மகளாணைச் சத்தியம் பண்ணினனீ."

"பண்ணினனான். பிறகும் சொன்னனான். திறந்து வந்து என்னை ஏசு."

லோஜினி மேலே வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள். பிறகு கதவின் சங்கிலி கழன்றது. ஆறுதலுக்குத் திறக்காத கதவு கோபத்துக்குத் திறந்தது. தாடியும் கசங்கிய சேர்ட்டுமாய் நின்ற பஸ்தியாம்பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

"இனி உனக்கும் எனக்கும் ஒண்டுமில்லை" என்றார். யாக்கோப்புவைத் தாண்டி லோஜினியிடம் போனார்.

பஸ்தியாம்பிள்ளையை அன்றே சேர்த்த ஆஸ்பத்திரிக்கு ஜீவரத்தினமும் சேஷாத்ரியும் மாறி மாறிப் போனார்கள். இடியப்பமும் சொதியும் கொண்டுபோனார்கள். யாக்கோப்பு ஒருதரம் போய், தன்னைப் பார்க்க அவர் விரும்பவில்லை என்ற பதிலோடு திரும்பினார். வியாழன்களில் எதிர்க் கதிரையில் வேறு யாரையும் இருக்க விடவில்லை. மூவரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

வசந்தம் தொடங்கிய ஒரு வியாழன், லோஜினியோடு பஸ்தியாம்பிள்ளை உள்ளே வந்தார். மெலிந்திருந்தார், முகச் சவரம் செய்திருந்தார். எதிர்க் கதிரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஐயா, கொஞ்சம் எழும்புங்கோ" என்று சேஷாத்ரியை எழுப்பி, அந்த இடத்தில், யாக்கோப்புவுக்குப் பக்கத்தில், எதிராளியாக அமர்ந்தார். சேஷாத்ரி யாக்கோப்புவுக்கு எதிரே போய் இருந்தார்.

அன்று பஸ்தியாம்பிள்ளை ஒவ்வொரு கையிலும் கேட்டார். கேட்டு, வென்றார். யாக்கோப்புவின் நல்ல சீட்டுகளைத் தேடித் தேடித் துரும்பால் வெட்டினார். யாக்கோப்பு விட்ட பிழைகளைச் சொல்லிக் காட்டவும் இல்லை. யாக்கோப்பு இப்படி ஒருநாளும் தோற்றதில்லை.

கடைசி ஆட்டம் முடிந்தது. யாக்கோப்பு மேசையில் கிடந்த காட்ஸைப் பொறுக்கி அடுக்கினார். அப்போது பஸ்தியாம்பிள்ளை கையை நீட்டினார்.

"அது என்ர கட்டு" என்றார். "தா."