நான் நிறுத்திய நடை

என் மனைவியின் நடைப்பயிற்சியை நிறுத்தியவன் நான்தான். தொண்ணூற்றொன்றாம் ஆண்டில் நாங்கள் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்தபோது அவளுக்கு ஐம்பது வயது. பனிக்காலக் காலைகளில், கடைகள் திறக்குமுன், பக்கத்து மோலுக்குள் நாலைந்து பெண்களோடு சுற்றிச் சுற்றி நடப்பாள். சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து.

"உந்தக் கோலத்தில கண்டால் எங்கட சனம் சிரிக்கும். வீட்டில இரும்," என்றேன்.

மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. என் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு மதியம், எங்கள் கட்டடத்தில் தீ அபாய மணி அடித்தது. லிப்ட் நின்றுவிட்டது. ஒன்பதாம் மாடியிலிருந்து படிகளில் இறங்கினோம். ஆறாம் மாடியில் அவளுடைய முழங்கால்கள் மடங்கின. புகை மணத்தது.

"என்னால ஏலாது. நீங்கள் இறங்குங்கோ," என்றாள்.

அவளைத் தூக்க எனக்கும் பலமில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒருவருடைய வீட்டில் கறி அடிப்பிடித்த புகைதான் என்று தீயணைப்பு வீரர் வந்து சொல்லும்வரை அவளுடைய கையை நான் விடவில்லை.

அன்று மாலையே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது தினமும் இருவரும் மோலில் நடக்கிறோம். அவளுடைய முழங்கால்கள் பழையபடி ஆகவில்லை. அரைச் சுற்றுக்குள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். பழைய தோழிகள் எங்களைக் கடந்து போகும்போது, "என்னக்கா, இவ்வளவு மெதுவா?" என்று கேட்பார்கள்.

"இவருக்கு மூச்சு வாங்குது பிள்ளை, அதுதான்," என்பாள்.

நானும் "ஓம்" என்று நெஞ்சைத் தடவிக்கொள்வேன்.