பிரபு வீட்டுப் போதகரின் இரண்டாவது வாழ்க்கை

அந்தப் புத்தகம் கிடைத்தது ஓர் ஆகஸ்டு மாதம். ஆண்டு அறுபத்தெட்டா, அறுபத்தொன்பதா என்பதை மட்டும் உறுதிப்படுத்த முடியவில்லை. தாம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே, பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்து கிடந்தது. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துப் போதகர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. பிரபு குடும்பத்தின் இளைய மகன். ஊர் நிலம் முழுவதும் அவருடையது. ஊர்க் கோவிலின் போதகரும் அவரே. காற்று எந்தத் திசையில் வீசியது, ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் எழுதியிருக்கிறார். நானும் நாட்குறிப்பு எழுதுகிறவன்தான். ஜலதோஷம் வந்தாலே இரண்டு நாள் விட்டுப்போகும். அவரோ நிமோனியாவில் கிடந்த வாரத்திலும் காற்றின் திசையை விடவில்லை.

எங்கள் சபையின் மாதப் பத்திரிகையில் அவரைப் பற்றித் தொடர் எழுதினேன். அவருக்கு இரண்டு ‘லிவிங்’ இருந்ததாகப் புத்தகத்தில் ஒரு வரி. ‘அவருக்கு இரண்டு வாழ்க்கை இருந்தது’ என்று எழுதிவிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ராஜகீழ்ப்பாக்கத்து டீச்சர் ஒருவர் பத்திரிகையோடு வந்தார்.

“சார், போதகர்னு எழுதறீங்க. ரெண்டு வாழ்க்கைன்னும் எழுதறீங்க. அந்த இன்னொருத்தி யாரு?”

“விடும்மா, பெரிய எடத்துப் புள்ள. அப்படித்தான் இருப்பாங்க” என்றார் அவர் கணவர்.

எங்கள் போதகர் என்னைத் தனியே அழைத்தார். “நாலு பேரு கேட்டுட்டாங்க சார். அடுத்த ஞாயிறு நீங்களே விளக்கம் சொல்லிடுங்க. இல்லேன்னா தொடரை நிறுத்திடலாம்.”

தொடர் நின்றால் போகட்டும். தன் ஊரில் நாற்பது ஆண்டுகள் பழிச்சொல் கேளாத மனிதரின் பெயர் தாம்பரத்தில் என் பேனாவால் கெட்டது. அவருக்காகப் பேச இங்கே என்னைத் தவிர யாருமில்லை.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, நூலகத்தின் பெரிய அகராதியைப் புரட்டினேன். ‘லிவிங்’ என்றால் ஒரு சபையின் போதகர் பதவியும், அதற்கு விடப்பட்ட மானியமும். அவரிடம் இரண்டு சபைகள் இருந்தன, அவ்வளவுதான். புத்தகத்தை மறுபடி படித்தேன். இரண்டாவது கோவில் ஏழு மைல் தள்ளி. ஒரு ஞாயிறு கொட்டும் பனியில் அங்கே நடந்தே போயிருக்கிறார். வந்திருந்தது ஒரே ஒரு கிழவி. அவளுக்காக முழுப் பிரசங்கமும் செய்திருக்கிறார்.

எங்கள் போதகரிடம் சொன்னேன். மாடம்பாக்கம், பொழிச்சலூர் சபைகளையும் சைக்கிளில் போய்க் கவனிக்கிறவர் அவர். “அப்படிப் பாத்தா எனக்கு மூணு வாழ்க்கை. வீட்ல சொல்லிடாதீங்க சார்” என்றார்.

அடுத்த ஞாயிறு, சபை முன் எழுந்து என் தவறைச் சொன்னேன். பனியில் நடந்ததையும் சொன்னேன். டீச்சர் விடவில்லை.

“அவ்ளோ நிலம் இருந்தும் ஒரு வண்டி இல்லியா சார்?”

“நாலு குதிரை இருந்தது டீச்சர். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காரருக்கும் குதிரைக்கும் ஓய்வு நாளாம். அதனால பூட்டல.”

டீச்சர் போதகர் பக்கம் திரும்பினார்.

“ஐயா, தொடரை நிறுத்திடாதீங்க.”