பவளக்காவின் பெயர்

மின்நூல் என்றாலே எனக்கு அரைமனம்தான். கையில் கனக்காத ஒன்றைப் புத்தகம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் அச்சிட வழியில்லாமல் என் சிறுகதைகளை மின்நூலாகவே வெளியிட்டேன்.

அதில் ஒரு கதை எழுவைதீவுப் பவளக்காவினுடையது. அவருடைய கணவர் கடலில் காணாமற்போனார் என்றே ஊரும் மகளும் நம்பியிருந்தார்கள். உண்மையில் அவர் வேறொருத்தியுடன் போய்விட்டார். படகுக்குக் காத்திருந்த ஒருநாள் பவளக்கா அதை என்னிடம் மட்டும் சொன்னார். நான் பெயரைக்கூட மாற்றாமல் எழுதினேன்.

நூல் வெளிவந்து இரண்டு வாரத்தில் பவளக்கா ஊர்காவற்றுறையிலுள்ள என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, சனம் போனிலை வாசிக்குது. மகள் இன்னும் வாசிக்கேல்லை. என்ரை பேரை மட்டும் எடுத்துவிடுமன்."

எல்லோரும் பாராட்டிய கதை அது. பெயரை எடுத்தால் அதன் உயிர் போய்விடும் என்று பயந்தேன்.

"புத்தகம் வந்திட்டுது அக்கா. இனி மாத்த ஏலாது."

"ஓம், நீர் என்ன செய்வீர்," என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று காலைதான் அதே நூலில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தேன். பத்து நிமிட வேலை.

நான்கு நாள் மனம் அரித்த பிறகு பெயரை மாற்றினேன். எழுவைதீவுக்குப் போய், மாற்ற முடியாது என்றது பொய் என்று அவரிடம் சொன்னேன். அதற்குள் மகள் வாசித்துவிட்டாள்.

"அப்ப ஏன் ஏலாதெண்டனீர்?" என்றார் பவளக்கா. குரலில் கோபம்கூட இல்லை.

மின்நூலை யாராவது குறைசொன்னால் இப்போது நான் வாய் திறப்பதில்லை. திருத்துவதற்கு அது அன்றே இடம் தந்தது. நான்தான் திருத்தவில்லை.