கடதாசிச் சுருளுக்கு ஒரு பொட்டு

லண்டனில், செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூசை என்றாலே எனக்கு எங்காவது ஒளிந்துகொள்ளத் தோன்றும். அன்றைக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொன்று பாடவோ வாசிக்கவோ வேண்டும். எனக்கு ஒன்பது வயதாவதற்குள் பாட்டு வகுப்பும் வயலின் வகுப்பும் என்னைக் கைவிட்டிருந்தன. பெரியம்மாவோ வருடம் தவறாமல், "இவள் என்ன செய்யப்போறாள்?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்.

அந்த வருடம் மாமா, பிளேஸ்டோவில் யாரோ காலிசெய்த வீட்டிலிருந்து ஒரு பழைய ஆர்கனை வேனில் ஏற்றிவந்தார். ஓட்டைகள் குத்திய கடதாசிச் சுருளை அதில் மாட்டிக் காலால் மிதிக்க வேண்டும். சுருள் சுற்றச் சுற்ற, ஓட்டை வந்த இடத்தில் காற்றுப் புகுந்து சுரம் எழும்பும்.

"நீ மிதிச்சாக் காணும் பிள்ளை, மிச்சத்தைக் கடதாசி பாத்துக்கொள்ளும்," என்றார் மாமா.

வித்துவானாக இப்படியொரு வழி இருப்பதை ஏன் ஒருவரும் முன்பே சொல்லவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. இரண்டு கிழமை மிதித்துப் பழகினேன்.

அம்மாவுக்குப் பொட்டில்லாமல் எதுவும் சரிவராது. வாஷிங் மெஷினுக்கே சந்தனம் வைத்தவர். தபால்காரர் மணியடித்தாலும் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். பூசையன்று காலை, சுருட்டி வைத்திருந்த கடதாசிக்கும் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பிவிட்டார்.

பின்னேரம் என் முறை வந்தது. மிதித்தேன். ஈரம் ஊறிய தாள் தொடக்கத்திலேயே கிழிந்து, ஒற்றைச் சுரம் வீரிட்டு அலறியது. மச்சாள்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நான் சொன்னனான் எல்லோ," என்றார் பெரியம்மா.

மிதிப்பதை நிறுத்திக் கிழிசலைப் பார்த்தேன். சரியாக ஒரு பொட்டளவு.

"அம்மா, உங்கட பொட்டைத் தாங்கோ!"

அம்மா ஒரு கணம் பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டைக் கழற்றி என் விரலில் வைத்தார். கிழிசலில் ஒட்டினேன். மிதித்தேன். ஆகா, வீடே அதிர்ந்தது! பெயர் தெரியாத அந்த வெள்ளைக்காரப் பாட்டைக் கடைசிவரை மிதித்து முடித்தேன். பிறகு எழுந்த கைதட்டலில் பெரியம்மாவும் சேர்ந்துகொண்டார். மாமா விசிலடித்தார். நான் மூன்று தரம் குனிந்து வணங்கினேன்.

அந்தச் சுருள் இப்போது என் வீட்டில் இருக்கிறது, பொட்டும் அப்படியே. அன்றைக்கு வென்றது நான்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பூசை நாளில், அப்பா பக்கத்தில் நிற்க, அத்தனை சொந்தக்காரர் முன்னாலும் அம்மா வெறும் நெற்றியோடு நின்று கைதட்டியது என் கண்ணில் படவே இல்லை.