கணக்குத் தெரிந்த கோழி

வத்தல் காயும் நெடி மூக்கில் ஏறினால் எங்களுக்குத் தும்மல் வரும், கோழிகளுக்குப் பசி வரும். முதுகுளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் களத்தில் மாசியும் பங்குனியும் மிளகாய் பரந்து கிடக்கும். கோழிகளுக்குக் காரம் உறைக்காது. சிந்திய விதைகளைக் கொத்தியே வளர்ந்தவை என்பதால், சிவப்பாக எதைக் கண்டாலும் ஓடும்.

இது என் பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரியும். விருந்தாள் வந்தால், எந்தக் கோழியை அறுப்பது என்று முடிவு செய்ய அவர் ஒரு "பரீட்சை" வைப்பார். கேசரிப் பவுடரில் சிவக்க நனைத்த குருணை ஒரு பக்கம் ஒரு சிட்டிகை, மறுபக்கம் வெறும் குருணை ஒரு குவியல். கோழியை நடுவில் விடுவார். அது சிவப்புக்கு ஓடியதும், "எது கூட, எது கொறச்சல்னு தெரியாத கூறுகெட்டது" என்று கழுத்தைத் திருகுவார். வெள்ளைக்குப் போகிற கோழியைத் தொடவே மாட்டேன் என்று வீம்பாகச் சொல்லியும் வைத்திருந்தார். ஒன்றுகூடப் போனதில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணன் சிரிக்கும்போது தம்பி சும்மா இருக்கக் கூடாது என்று என்னைப் பெற்ற அய்யாவும் சிரிப்பார்.

இன்னும் முட்டையிடத் தொடங்காத என் வெடைக்கோழி "பொட்டுக்காரி"யை எப்படியாவது காப்பாற்றிவிட நினைத்தேன். களத்துப் பக்கமே விடாமல் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி, வெறும் குருணையைக் கையில் ஊட்டினேன். சிவப்பைக் கிட்டே வைத்து, அது அலகை நீட்டினால் தலையில் தட்டினேன். பாவம், வாங்கிய அடிக்கெல்லாம் சேர்த்துக் கற்றுக்கொண்டது.

சாயல்குடியிலிருந்து பெரியப்பாவின் மருமகன் வந்த அன்று அதன் முறை. நடுவில் நின்றது, சிவப்பைப் பார்த்தது, திரும்பி வெள்ளைக் குவியலுக்குப் போய்த் தின்னத் தொடங்கியது. சந்தோஷத்தில் நான் கைதட்டிவிட்டேன்.

"மாமா, கோழி உங்களத் தோக்கடிச்சிருச்சு" என்று மருமகன் சிரித்தார்.

பெரியப்பாவின் முகம் கறுத்தது. கோழியைத் தூக்கி முதுகைத் தடவினார். "கணக்குத் தெரிஞ்ச கோழி மாப்ள. இதோட ஈரல் பிள்ளைகளுக்குப் புத்தி குடுக்கும்" என்றார். அந்தக் கையாலேயே திருகினார்.

ஈரலை என் இலையில்தான் வைத்தார்கள். நான் அழுதேன். "பெரியப்பா ஆசையாக் குடுக்காரு, தின்னு தாயி" என்ற அய்யா, நான் விழுங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போது அந்தக் களத்தில் வரிசை வரிசையாகச் சோலார் தகடுகள் நிற்கின்றன. வீட்டுக்கோழி வளர்ப்பாரும் இல்லை. விருந்தாள் வந்தால் கடையில் கிலோக் கணக்கில் வாங்கிக்கொள்கிறார்கள். பெரியப்பாவும் போன கோடையில் செத்துப்போனார். வாய்க்கரிசி போடும் வரிசையில் நின்றபோது, "நல்லா அள்ளிப் போடு தாயி" என்றார் அய்யா.

"போட மாட்டேன்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அய்யா அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசட்டும் என்று நானும் காத்திருக்கவில்லை.