முட்டத்து வலையில் எடுத்த பிசிறு

நான் இருந்தேன். என் வீட்டுக்காரி இருந்தாள். அவள் அண்ணன் இருந்தார், அவரும் தறிக்காரர். அவர் சம்சாரம் இருந்தாங்க. வேன் டிரைவர் இருந்தார். கன்னியாகுமரி பார்த்துவிட்டுக் காஞ்சிபுரம் திரும்புகிற வழி. முட்டம் பார்த்துட்டுப் போலாம் என்று டிரைவர்தான் சொன்னார்.

பாறை மேலே வெள்ளைக்காரன் காலத்து விளக்குக் கூண்டு. கீழே துறை. துறை அதற்கும் முந்தியது என்றார்கள். படி இறங்கினோம். மீன் நாத்தத்துக்கு மச்சான் சம்சாரம் மூக்கைப் பொத்திக்கொண்டாங்க.

கீழே ஒரு வெள்ளை வலை விரிந்து கிடந்தது. பக்கத்தில் புருஷனும் பெண்சாதியும். எங்கள் வயதுதான் இருக்கும். எழுந்து போகும்போது அந்தம்மா சொன்னாங்க:

"வலைய மிதிச்சிராதீய. டீ குடிச்சிட்டு வாறோம்."

மற்றவர்கள் கடலைப் பார்க்கப் போனார்கள். நான் வலையைப் பார்த்தேன். அங்கங்கே சிவப்பு நூல் துண்டு தொங்கியது.

தொங்குகிற நூலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. நெய்த சேலையில் ஒரு பிசிறு நின்றாலும் முதலாளி திருப்பிக் கொடுப்பார். நாற்பது வருசப் பழக்கம். சட்டைப் பையில் சின்னக் கத்தரி எப்போதும் இருக்கும். குந்தினேன். ஒவ்வொன்றாக முடிச்சோடு வெட்டினேன். கீழே போடவில்லை. பட்டுக் கழிவைக் கீழே போட மாட்டோம், அதே புத்தி. எல்லாம் பைக்குள் போனது.

மச்சான் திரும்பி வந்து பார்த்தார்.

"இன்னா மாப்ள, இங்கயும் பிசிறு எடுத்துக்கினு இருக்கே? கூலிக்கு மீன் குடுப்பாங்களா?"

சிரித்தேன். நல்ல வேலை செய்தேன் என்றுதான் நினைப்பு.

அவர்கள் வந்தார்கள். அந்தாள் கையில் வலை ஊசி. குனிந்து பார்த்தார். வலையை இழுத்து மறுபடி பார்த்தார்.

"ஏ பிள்ள, அடையாளம் எங்க?"

"கெட்டியிருக்கேனே. கிழிஞ்ச எடத்துல எல்லாம் செவப்பு நூல் கெட்டுனேன்."

"எங்க கெட்டுன? காட்டு."

அந்தம்மா மண்டி போட்டுத் தடவினாங்க. ஒரு நூலும் இல்லை.

"காலையில இருந்து கெட்டுனேன். மாதா மேல ஆணையா கெட்டுனேன்."

"கனவுல கெட்டியிருப்ப. சாயங்காலம் கடலுக்குப் போணும். இனி எந்த ஓட்டையத் தேட?"

பிறகு அந்தாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவளுக்கு இப்பம் மறதி கூடிப் போச்சு, பாத்துக்கிடுங்க."

அந்தம்மா சண்டை போடவில்லை. தன் கையையே பார்த்தாங்க. "இருக்கும்" என்றாங்க.

அப்போது சொல்லியிருக்கணும். தறியில் ஏற்றின என் பாவில் வெளியாள் ஒருத்தன் கை வைத்தால் நான் என்ன பேசுவேன் என்று எனக்குத் தெரியும். மேலே டிரைவர் ஹாரன் அடித்தார். படி ஏறிவிட்டேன். பாதியில் திரும்பிப் பார்த்தேன். அந்தம்மா முதல் முனையிலிருந்து கண்ணி கண்ணியாகத் தடவ ஆரம்பித்திருந்தாங்க.

மிதிக்காதே என்றுதான் சொன்னாங்க, தொடாதே என்று சொல்லவில்லை. வேனில் அப்படி எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

திண்டிவனம் தாண்டி என் வீட்டுக்காரி மெதுவாகக் கேட்டாள்.

"பையில இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"அண்ணன் பிசிறுன்னு சொன்னதும் காதுல விழுந்துது, அந்தாள் சொன்னதும் விழுந்துது. அந்தம்மாவ மறதிக்காரின்னு ஆக்கிட்டு வந்துட்டீங்களே."

பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் இருந்ததைத் தறி மேல் வைத்துவிட்டுப் போனாள். வலையில் எத்தனை ஓட்டை என்று இந்த நூலுக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு அந்தம்மா தடவித் தடவி எத்தனை கண்டுபிடிச்சாங்களோ.

உட்கார்ந்து எண்ணினேன்.

முப்பத்தேழு.